பெயரும் முகவரியும்

உரிமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் பலருடைய நினைவுக்கு வருவன வாக்குரிமையும் பேச்சுரிமையுமே. இவை பெரிய உரிமைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மனிதனின் அன்றாட வாழ்க்கையை வேறு சில உரிமைகளே தாங்கி நிற்கின்றன. உழைப்புக்கு நேர்மையான கூலி, மழைக்கு ஒழுகாத கூரை, பிள்ளைகளுக்குப் பள்ளி, நோய்க்கு மருந்து, தாய்மொழியிலே அரசாங்கத்தோடு கருமமாற்றும் வசதி, முன்னோரின் கலைகளைப் பேணும் வாய்ப்பு ஆகியனவே அவை. இவற்றைப் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் என அறிஞர் வகுத்துரைப்பர். இவற்றுக்கெனத் தனியாக ஓர் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1966-ஆம் ஆண்டிலே ஏற்றது. 1976-இல் அது நடைமுறைக்கு வந்தது. 1980-இல் இலங்கையும் அதிற் சேர்ந்துகொண்டது.

வசதி படைத்தோர்க்கு இவ்வுரிமைகள் கேளாமலே வந்து சேருகின்றன. நலிந்தோரின் நிலை அவ்வாறன்று. ஏட்டில் எழுதிய உரிமை ஏழையின் வாசலை அடைய வேண்டுமாயின் இரண்டு வேண்டும்: ஒன்று பெயர், மற்றொன்று முகவரி. இது மிகச் சிறிய காரியமாகத் தோன்றலாம். இலங்கையின் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை நோக்குவோர்க்கு இதன் பெருமை விளங்கும்.

1820-களிலே கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் வேலை செய்வதற்காகத் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கங்காணிமார் மூலம் அழைத்து வரப்பட்டனர். 1867-ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். பின்னர் இலைநோய் கோப்பியை அழித்தது. மலைகள் யாவும் தேயிலையாயின. தொழிலாளியோ வழிச்செலவுக் கடனோடுதான் தோட்டத்துக்கு வந்தான். அவனுடைய கடன் ஒரு துண்டில் எழுதப்பட்டது. அக்கடனை ஒருவர் தீர்த்தாலன்றி அவன் மற்றொரு தோட்டத்துக்குப் போதல் இயலாது. இத்துண்டு முறை 1921-இலேதான் ஒழிக்கப்பட்டது.

1931-ஆம் ஆண்டிலே சர்வசன வாக்குரிமை வந்தது. 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். ஆனால், 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம் வெளிவந்ததும் அதே 1948-ஆம் ஆண்டிலேதான்.

1964-ஆம் ஆண்டிலே ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. எண்ணிக்கையாகப் பேசப்பட்ட அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. தாய் ஒரு நாட்டுக்கும் மகள் மற்றொரு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றோர் என்னும் நிலை பெரும்பாலும் நீங்கியது.

பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, ஆதலின் குறையெல்லாம் தீர்ந்தது எனச் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள் வரிசையாக அமைந்த லயங்களிலே இன்னும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. தோட்டங்கள் 1972-ஆம் ஆண்டிலும் 1975-ஆம் ஆண்டிலும் அரசுடைமையாக்கப்பட்டன. 1992-இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எவற்றினாலும் லயத்திற் குடியிருப்பவன் தன் காம்பராவுக்கு உரியவன் ஆகவில்லை.

சொந்தக் காணி இல்லாதவனுக்குச் சொந்த முகவரியும் இல்லை. பல தோட்டங்களிலே கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கே வந்தன. அங்கிருந்து எவர் கையிலேனும் கொடுத்தனுப்பப்பட்டன. பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகப் பரீட்சை அழைப்பும் நாள் கடந்து கைக்கு வந்த கதைகள் மலையகத்திற் குறைவல்ல. பத்தாண்டு விழித்துப் படித்த பிள்ளையின் எதிர்காலம், ஒரு கடிதம் இரண்டு வாரம் மேசையிற் கிடந்தமையால் மாறிவிடுகிறது. கல்வி கற்கும் உரிமையை எவரும் மறுக்கவில்லை. அது வந்து சேர வழி இருக்கவில்லை.

காணியின்மை உயிரையும் வாங்கும். 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆந் திகதி, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால், எழுந்து போவதற்கு வேறொரு நிலம் இல்லாதவனுக்கு எச்சரிக்கையினால் விளையும் பயன் யாது?

இனிப் பெயரைப் பற்றி நோக்குவோம். தோட்டத்திலே ஒரு நாட் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்றே பெயர். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவளுக்கு ‘அரைப் பேர்’தான் விழும். பெண்ணின் முழுப் பேரும் ஆணின் பேருக்குச் சமமாகியது 1984-ஆம் ஆண்டிலேயே.

உண்மைப் பெயரின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. தமிழ்ப் பெயர்கள் தமிழறியாதோரால் வேற்று மொழியிலே, செவியில் விழுந்தவாறு பதியப்பட்டன. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், செக்ரோலில் வேறொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர் என அமைந்தவர் பலர். உழைத்து ஓய்ந்து ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும்போது, மூன்று பெயரும் ஒருவரே என நிறுவுமாறு கேட்கப்படுகின்றது. சத்தியக் கடதாசிக்குப் பணம் வேண்டும். கந்தோருக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். தாய்மொழியிலே பதிவு செய்யும் உரிமை பண்பாட்டுரிமை. சேமலாப நிதியோ பொருளாதார உரிமை. முன்னையது தவறியவிடத்துப் பின்னையதும் தடைப்படுவதை இங்கே காணலாம். தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என 1987-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் கூறுகின்றது. அவ்வாசகம் பதிவாளரின் பேனாவரை இறங்கி வருதல் வேண்டும்.

கலையும் நிலத்தை நம்பியதே. மாசி மாதத்திலே மலையகத்தில் ஆடப்படும் காமன் கூத்து, தப்பொலியோடு ஊர் முழுவதும் கூடி இரவிலே ஆடுவது. பொன்னர் சங்கர் கூத்தும் அருச்சுனன் தபசும் அவ்வாறே. அவற்றுக்கு மண்டபம் வேண்டாம். திறந்த ஒரு பொட்டல் போதும். அப்பொட்டல் வேறு தேவைக்குப் போய்விடுமாயின் கூத்தும் போய்விடும். கூத்தைப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். ஊரார் கூடும் இரவை எழுதி வைத்தல் இயலாது.

நல்ல தொடக்கங்கள் இல்லாமல் இல்லை. 1945-ஆம் ஆண்டு இலவசக் கல்வித் திட்டத்துக்குப் புறத்தே நின்ற தோட்டப் பள்ளிகள் 1970-களிலே அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. அவற்றிற் கற்றோரின் பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும் மருத்துவராகவும் விளங்குகின்றனர். 7 பேர்ச் காணியிலே தனி வீடுகள் அமைக்கும் திட்டம் உருவாயிற்று. இந்திய அரசும் வீடமைப்புக்கு உதவியது. தோட்டங்களுக்குட் பிரதேச சபைகள் பணஞ் செலவிடுவதற்கு இருந்த சட்டத் தடை 2018-இல் நீக்கப்பட்டது.

எனினும், 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27-ஆம் உறுப்புரை போதிய உணவும் உடையும் வீடும் அரசின் குறிக்கோள் என்று கூறுகையில், 29-ஆம் உறுப்புரை அக்குறிக்கோளை நீதிமன்றத்தின் மூலம் வலியுறுத்த முடியாது என்கின்றது. நீதிமன்றம் கேளாதவிடத்து மக்களே கேட்டல் வேண்டும். கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. வீட்டுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதப்படட்டும். வாசலுக்கு இலக்கமும் பாதைக்குப் பெயரும் இடப்படட்டும். தபாற்காரர் அவ்வாசல்வரை வரட்டும். பிறந்த பிள்ளையின் பெயரைத் தமிழறிந்த பதிவாளர் எழுதட்டும். புதிய குடியிருப்புக்கு நிலம் அளக்கும்போது காமன் பொட்டலையும் அளந்து ஒதுக்கட்டும்.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023-ஆம் ஆண்டிலே நாடு நினைவுகூர்ந்தது. அவர்கள் பறித்த தேயிலை, பெயரும் முகவரியும் பொறித்த பெட்டிகளிலே உலகெங்கும் தவறாது போய்ச் சேர்ந்தது. அதைப் பறித்தவளின் பேருக்கு வரும் கடிதமும் அவ்வாறே தவறாது அவள் வாசலுக்கு வந்து சேரும் நாளிலே, உரிமைகளுள் ஒன்றேனும் ஏட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டது எனலாம்.