தாய்க்கு உரிய அரைமணி நேரம்
(ஆண்டு விழா மாதர் அரங்கில் நிகழ்த்திய உரை)



மாதர் பகுதியின் சார்பில் இவ்விழாவில் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டோம். இலக்கியம் பேசலாமா, இசை பேசலாமா என்று பலவாறு எண்ணினோம். முடிவில், நம் குடியிருப்பில் இரண்டு தாய்மார் மாடிப்படியில் சந்தித்தால் எதைப் பேசுகிறார்களோ அதையே எடுத்துக்கொள்வது நலம் என்று தோன்றிற்று. முழங்கால் வலி, முதுகு வலி, சர்க்கரை, தைராய்டு, ஏறிய எடை, இறங்காத அசதி ஆகியவையே அப்பேச்சின் பொருள்கள். “நடக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், நேரமும் இல்லை, மனமும் எழவில்லை” என்பதே அப்பேச்சின் முடிவு. ஓய்வறியாத தாய் ஒருத்தி உடற்பயிற்சிக்கு வேண்டிய ஊக்கத்தை எங்கிருந்து பெறுவது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய நம் நோக்கம்.

இவ்வினா எல்லா ஊரார்க்கும் உரியதே. ஆயினும் பிறந்த மண்ணை விட்டுத் தலைநகரில் குடியேறிய நமக்கு இது கூடுதலாக உரியது. சொந்த ஊரில் ஒருத்தி நோயுற்றுப் படுத்தால் மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொள்வார்; அத்தையோ சித்தியோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார். இங்கே அத்தகைய உறவினர் துணை பலர்க்கு இல்லை. தாய் மூன்று நாள் படுத்தால் வீடே நின்றுவிடுகிறது. ஒரே தூணின்மேல் கூரையைத் தாங்கவிட்டிருக்கும் நாம், அத்தூணைச் செல்லரிக்கிறதா என்று பார்ப்பதில்லை.

நிலைமை எவ்வாறு உள்ளது என்பதற்குச் சில கணக்குகளைக் கூறுவோம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் அளவுக்கு மிஞ்சிய எடை உடையோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 24 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பேர். தில்லியில் 41 பேர். நாம் விட்டுவந்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும் இவ்வகையில் ஒன்றையொன்று விஞ்சி நிற்கின்றன. போதிய உடலுழைப்பு இல்லாதவர் எத்தனை பேர் என்று உலகளாவிய ஆய்வொன்று 2024இல் வெளிவந்தது. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் ஆண்களுள் நூற்றுக்கு 42 பேரும், பெண்களுள் நூற்றுக்கு 57 பேரும் அத்தகையோர் என்று அது கணித்தது.

இதைக் கேட்ட ஒருவர், “பெண்கள் சோம்பிக் கிடக்கிறார்கள்” என்று எண்ணக்கூடும். அதற்கும் ஒரு கணக்கு மறுமொழி கூறுகிறது. 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாள் ஒன்றுக்குச் சராசரி 289 நிமிடங்களை அதில் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். குழந்தைகளையும் முதியோரையும் பேணுவதில் ஈடுபடுவோரைப் பார்த்தால், பெண்கள் 137 நிமிடங்களும் ஆண்கள் 75 நிமிடங்களும் செலவிடுகின்றனர். ஆகவே பெண்கள் நாள் முழுவதும் உழைக்கின்றனர். ஆனால் அவ்வுழைப்பு உடலுக்கு வலிமை தரும் வகையில் அமையவில்லை. இம்முரண்பாட்டை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம் பாட்டிமார் கிணற்றில் நீர் இறைத்தனர், அம்மியில் அரைத்தனர், ஆட்டுக்கல்லில் மாவாட்டினர், உரலில் இடித்தனர். அவ்வேலைகளில் மூச்சு வாங்கிற்று, தோளும் இடுப்பும் இயங்கின. இன்று மிக்ஸியும் கிரைண்டரும் சலவை இயந்திரமும் அப்பாரத்தை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டன. அது பெரும் நன்மையே. அம்மிக்குத் திரும்பிச் செல்க என்று எவரும் நமக்கு உபதேசிக்க வேண்டியதில்லை. ஆனால் அடுப்பின்முன் இரண்டு மணி நேரம் நிற்பதால் கால் வலிக்குமேயன்றி, இதயம் வலுப்பெறாது. எந்த வேலை பயிற்சியாகும் என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதைச் செய்யும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அந்த அளவுக்கு மூச்சு விரைந்தால் அது மிதமான பயிற்சி. ராகம் பாடிக்கொண்டே செய்யக்கூடிய வேலை மிகவும் இலேசான வேலையே.

இனி ஊக்கத்தைப் பற்றிப் பேசுவோம். வள்ளுவப் பெருந்தகை 60ஆம் அதிகாரத்தை ஊக்கமுடைமை என்று அமைத்தார். அடுத்து மடியின்மையை வைத்து, 62ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமை என்று அமைத்தார். ஊக்கம் உள்ளத்தின் எழுச்சி. ஆள்வினை விடாத முயற்சி. இரண்டையும் தனித்தனியே வைத்தமை நம் சிந்தனைக்கு உரியது. உடற்பயிற்சியைப் பொறுத்தவரை நாம் ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்கிறோம். புத்தாண்டில் அது வருகிறது, பொங்கலுக்குள் போய்விடுகிறது. பல் துலக்க எவரும் ஊக்கம் தேடுவதில்லை. வாசலில் கோலமிட நம் அன்னையர் உள்ளக் கிளர்ச்சிக்காகக் காத்திருந்ததும் இல்லை. பொழுது விடிந்தது, கை கோலப்பொடியை எடுத்தது, அவ்வளவே. நடைப்பயிற்சியும் அவ்வாறு ஒரு நேரத்தோடும் இடத்தோடும் பிணைக்கப்பட வேண்டும். அப்படிச் செய்தால் சில வாரங்களில் உறக்கம் ஆழ்ந்து வரும். படியேறுகையில் இளைப்புக் குறையும். அந்நலத்தைக் கண்டபின் ஊக்கம் தானே வந்து சேரும். தொடக்கத்தில் அது இல்லையே என்று எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

எவ்வளவு செய்தால் போதும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறிப்படி, வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் மேற்கொள்ள வேண்டும்; அத்துடன் வாரம் இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலிமையூட்டும் பயிற்சி செய்ய வேண்டும். 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. ஒரே தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய விதியை இந்நெறி கைவிட்டது. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். தைவான் நாட்டில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாளொன்றுக்குச் சுமார் 15 நிமிடம் பயிற்சி செய்தவரிடையே, ஒன்றும் செய்யாதவரைவிட, இறப்பு நூற்றுக்கு 14 பங்கு குறைவாகக் காணப்பட்டது. முழு அரைமணி இயலாதவர் பாதியையாவது பற்றிக்கொள்க.

மாடிப்படியையும் நாம் இகழ்ந்துவிடலாகாது. லண்டன் மாநகரில் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். அமர்ந்தே வண்டி ஓட்டியவரைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கிச் சீட்டு விற்ற நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. நம் முருகப்பெருமானும் இதற்கு வழிவைத்தே குன்றுதோறும் எழுந்தருளினார் போலும். சோழநாட்டுச் சுவாமிமலையில் 60 படிகள். அவை 60 தமிழ் ஆண்டுகளின் பெயரைத் தாங்கியவை. அத்தலத்தின் பெயரைக் கொண்டு, 1973இல் குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலை நம் இராமகிருஷ்ணபுரத்திலேயே குன்றின்மேல் விளங்குகிறது. முழங்கால் இடந்தருபவர் அப்படிகளை ஏறினால் வழிபாடும் பயிற்சியும் ஒருங்கே கைகூடும்.

வலிமைப் பயிற்சிக்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்க. சுவரில் கைகளை வைத்துச் சாய்ந்து பத்து முறை தள்ளுக. நீர் நிரம்பிய புட்டி ஒன்றைக் கையில் ஏந்தி மெல்ல உயர்த்தித் தாழ்த்துக. மாதவிலக்கு நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து அடர்த்தி குறைகிறது. தசை வலுவாக இருந்தால் கீழே விழும் ஆபத்துக் குறையும். எலும்புக்கும் அது நல்லது.

தில்லியின் பருவநிலைக்கு ஏற்பத் திட்டம் அமைத்தல் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ஏழு மணிக்கு மேல்தான் கதிரவன் தோன்றுகிறான். அதற்குமுன் இருளில் தனியே செல்லுதல் தகாது. ஐப்பசி இறுதி முதல் தை வரை காற்றில் நச்சு மிகுகிறது. காற்றின் தரக்குறியீடு மோசமாக உள்ள நாட்களில் பூங்காவைத் தவிர்த்து வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்க. வைகாசி, ஆனி வெயிலில் கதிரவன் ஏறுமுன் முடித்துவிடுக. மழை நாட்களில் குடியிருப்பின் தாழ்வாரமே போதும். எந்நாளாயினும் செருப்பைத் தவிர்த்துப் பொருத்தமான காலணி அணிக. புடவையில் நடை தடைப்படுமாயின் சல்வார் கமீஸ் அணிவதில் குறையொன்றும் இல்லை.

தொடங்குமுன் உடலின் நிலையையும் அறிய வேண்டும். முன்பு கூறிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையோர் எனக் கண்டனர். இரத்தத்தில் இரும்புச்சத்து இல்லாதபோது எழும் அசதியைச் சோம்பல் என்று நாமும் நம் வீட்டாரும் பெயரிட்டுவிடுகிறோம். அசதி நீங்காதவர் இரத்தத்தையும் தைராய்டையும் முதலில் சோதித்துக்கொள்க. கருவுற்ற காலத்தில் சர்க்கரை கண்டவர்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்புப் பன்மடங்கு மிகுதி. அத்தகையோர் குழந்தை பிறந்தபின் சோதனையைக் கைவிடலாகாது. தும்மும்போதும் விரைந்து நடக்கும்போதும் சிறுநீர் கசிவதால் தாய்மார் பலர் நாணி வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். இது மகப்பேற்றுக்குப்பின் பலர்க்கும் வருவது. இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியால் பெரும்பாலும் சீர்படுவது. இதை மருத்துவரிடம் கூற நாண வேண்டா. நடக்கையில் மார்பு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நின்று மருத்துவரை நாடுதல் கடன்.

இனி, அவையில் அமர்ந்துள்ள கணவன்மார்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இதுகாறும் கூறியவை அனைத்தும் ஒன்றைச் சார்ந்து நிற்கின்றன. தாய்க்கு அரைமணி நேரம் கிடைக்க வேண்டும். அது எங்கிருந்து வரும்? அவள் உறக்கத்திலிருந்து எடுத்தால் அதுவும் நோய்க்கே வழி. 289 நிமிடத்திலிருந்தும் 137 நிமிடத்திலிருந்தும்தான் அது வர வேண்டும். அதாவது வீட்டிலுள்ள வேறொருவர் கைக்கு அவ்வேலை மாற வேண்டும். காலைக் காப்பியைக் கணவர் கலக்கலாம். பள்ளிப்பைகளைப் பிள்ளைகள் இரவே அடுக்கி வைக்கலாம். இரவு உணவுக்குப்பின் பாத்திரங்களை மகன் துலக்கலாம். மனைவியைப் பார்த்து, “நீ நடந்தால் என்ன?” என்று வினவுவது எளிது. “நீ நடந்து வா, அதுவரை அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கூறுபவரே அவளுக்கு மெய்யான துணைவர். நமக்கு ஊக்கம் இல்லை என்று வருந்தும் தாய்மார் பலர்க்குக் குறைவாக உள்ளது அந்த ஒரு சொல்லே என்பது எம் துணிபு.

தாய்மாராகிய நாமும் ஒன்றை விட்டொழிக்க வேண்டும். எல்லார்க்கும் பரிமாறி மிஞ்சியதை உண்பது போல, எல்லா வேலையும் முடிந்து மிஞ்சிய நேரத்தில் உடலைப் பேணலாம் என்று கருதுகிறோம். வீட்டு வேலையில் மிச்சம் என்பது என்றும் வராது. கேட்டுப் பெறுவதற்கு அஞ்சி மனத்துள் புழுங்குவதைவிட, “ஆறு மணி முதல் ஆறரை வரை என்னைத் தேட வேண்டா” என்று வீட்டில் இன்முகத்தோடு அறிவித்துவிடலாம். முதல் வாரம் வீடு தடுமாறும். இரண்டாம் வாரம் பழகிக்கொள்ளும். தாய் நடப்பதைக் கண்டு வளரும் பெண்மகவு, தன் உடலும் பேணத்தக்கது என்று சொல்லாமலே கற்றுக்கொள்ளும்.

தனியே தொடங்குவது கடினம். துணையோடு தொடங்குவது எளிது. கீழே ஒருத்தி காத்து நிற்கிறாள் என்ற எண்ணமே போர்வையை விலக்கச் செய்யும். ஆகவே மாதர் பகுதியின் சார்பில் ஒரு வேண்டுகோளை இவ்வவையின்முன் வைக்கிறோம். ஒவ்வொரு கட்டடத் தொகுதியிலும் இரண்டு அல்லது மூன்று தாய்மார் சேர்ந்து, தமக்கு இசைந்த நேரத்தைக் குறித்துக்கொள்க. கைக்குழந்தை உடையவர் நடக்கும்போது, அன்று வீட்டிலிருக்கும் மற்றொருத்தி அக்குழந்தையைப் பார்த்துக்கொள்க. மறுநாள் முறை மாறட்டும். உறவினரை ஊரில் விட்டுவந்த நமக்கு, அண்டை வீட்டாரே அக்காவும் தங்கையும். இவ்விழாவின் பெயரைச் சொல்லி, வரும் திங்கட்கிழமை முதல் நாளுக்குப் பதினைந்து நிமிடமேனும் தொடங்குவோம். அடுத்த ஆண்டு விழாவில் மாடிப்படியில் நம் பேச்சு வலியைப் பற்றியதாக இல்லாமல், வேறு ஏதேனும் நல்ல செய்தியைப் பற்றியதாக அமையட்டும்.