பூ காயாகும் விதம்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



பரங்கிக் கொடி போட்டிருக்கும் குடியானவர் பலருக்கு வருஷந்தோறும் ஏற்படும் மனக்குறை ஒன்று உண்டு. கொடி செழித்துப் படர்கிறது. இலை அகலமாய் விரிகிறது. பொழுது விடியும்போது தோட்டம் முழுவதும் பொன்னிறமாய்ப் பூத்து நிற்கிறது. ஆனால் பூத்தவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடுகின்றன. எலுமிச்சங்காய் அளவுள்ள பிஞ்சும் சில நாட்களில் மஞ்சளித்து, வெம்பி, விழுந்துவிடுகிறது. விதைக்கும் எருவுக்கும் சங்கத்தில் கடன் பெற்றவர், தவணை நெருங்குகையில் வெறுங்கொடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். கண் பட்டுவிட்டது என்பார் ஒருவர். விதை மலடு என்பார் மற்றொருவர். எரு போதவில்லை என்று பின்னும் ஒரு மூட்டை வாங்கி இடுவார் வேறொருவர். பூச்சி விழுந்திருக்கிறது என்று விடியற்காலையிலேயே மருந்தடிப்பார் இன்னொருவர். பின்னிருவரும் செய்வது நஷ்டத்தை அதிகப்படுத்துவதாகவே முடிவதும் உண்டு. பூ காயாவது எவ்விதம் என்பதைக் குடியானவர் அறிந்துகொள்வாரானால், இந்த நஷ்டத்தில் ஒரு பெரும் பகுதியைப் பணச்செலவின்றியே தவிர்த்துக்கொள்ளலாம்.

செடியின் அங்கங்கள்

வேர், நீரையும் அதில் கரைந்துள்ள உப்புச் சத்துக்களையும் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. தண்டு அவற்றை மேலே கொண்டு செல்கிறது. இலையானது சூரிய வெளிச்சத்தின் உதவியினால், நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் சேர்த்துச் சர்க்கரையைச் சமைக்கிறது. இம்மூன்று அங்கங்களும் செடி தான் பிழைப்பதற்காக ஏற்பட்டவை. பூவோ, செடி தன் வமிசத்தை விருத்தி செய்வதற்காக ஏற்பட்டது.

ஒரு கத்தரிப் பூவை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் நான்கு அடுக்குகள் தெரியும். வெளியே பச்சையான புல்லி, அதற்குள் நிறமுள்ள இதழ், அதற்குள் கேசரங்கள், நடுவே சூலகம். கேசரம் ஆண் உறுப்பு. அதன் நுனியிலுள்ள பையில் மகரந்தப் பொடி இருக்கிறது. சூலகம் பெண் உறுப்பு. அதன் அடியில் சூல்களும், உச்சியில் பிசுபிசுப்பான சூல்முடியும் இருக்கின்றன. மகரந்தத் துகள் ஒன்று சூல்முடியின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டால், அது முளைத்து, மயிரினும் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்துகிறது. அக்குழாய் சூலை அடைந்து, ஆண் அணு பெண் அணுவோடு கலந்த பின்னரே சூல் விதையாகிறது. சூலகம் பருத்துக் காயாகிறது. ஒரு விதைக்கு ஒரு துகள் என்பது கணக்கு. நூற்றுக்கணக்கான விதைகளைக் கொண்ட ஒரு பரங்கிக்காய் உருவாக வேண்டுமானால், நூற்றுக்கணக்கான துகள்கள் அதன் பூவை ஒரே காலையில் வந்து அடைந்தாக வேண்டும். துகள் குறைந்தால் பிஞ்சு வெம்பும். அல்லது ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிக் கோணற்காயாகும்.

ஆண், பெண் என்னும் பேதம் தாவரங்களுக்கும் உண்டு என்பதை ஜெர்மனி தேசத்தில் காமராரியஸ் என்னும் பண்டிதர் 1694-ம் வருஷத்தில் சோதனைகளைக் கொண்டு விளக்கினார். ஆமணக்கின் ஆண் பூக்களை அவை மலருமுன்னரே கிள்ளிவிட்டபோது விதை உண்டாகவில்லை என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. 1793-ம் வருஷத்தில் ஸ்பிரெங்கல் என்பவர், பூவின் நிறமும் மணமும் தேனும் பூச்சிகளை அழைப்பதற்காகவே அமைந்தவை என்று ஒரு நூலில் விரிவாய் எழுதினார். ஆண் பனை இது, பெண் பனை இது என்று பாளையைக் கண்டே சொல்லிவிடும் தமிழ்நாட்டுக் குடியானவருக்கு இவ்விஷயம் முற்றிலும் புதியதன்று. பனையில் மரத்துக்கு மரம் காணும் பேதம், பரங்கியில் ஒரே கொடிக்குள் பூவுக்குப் பூ இருக்கிறது.

ஆண் பூவும் பெண் பூவும்

பரங்கியின் ஆண் பூவுக்குக் காம்பு நீளமாயும் மெல்லியதாயும் இருக்கும். உள்ளே ஒற்றைத் தண்டு போன்ற கேசரத்தில் மஞ்சள் பொடி நிறைந்திருக்கும். பெண் பூவின் காம்பு குட்டையாயும் தடித்தும் இருக்கும். இதழ்களுக்குக் கீழே உருண்டையான சிறு பிஞ்சு ஒன்று, பூ மலருமுன்னரே காணப்படும். இதனைக் கண்டு, காய் பிடித்துவிட்டது என்று மகிழ்பவர் பலர். அது பிஞ்சன்று, கருவடையாத சூலகமே. மகரந்தம் வராவிடில் அது விழுந்தே தீரும்.

கொடியில் முதலில் சில நாட்கள் ஆண் பூக்களே மலரும். பின்னரும் பெண் பூக்களைவிட ஆண் பூக்களே அதிகம். ஆகவே ஆண் பூ உதிர்வதைக் கண்டு கவலைப்பட வேண்டுவதில்லை. அதன் வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது. மார்கழி மாதத்தில் வாசற் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் வைக்கப் பூப்பறிக்கும் பெண்மக்கள், நீண்ட காம்புள்ள பூவையே பறித்து, சிலவற்றைக் கொடியிலும் விட்டு வைப்பார்களானால் விளைச்சலுக்கு யாதொரு குறைவும் வாராது. தழைச்சத்து மிகுந்தாலும், வெப்பம் மிகக் கடுமையாயிருந்தாலும் ஆண் பூக்கள் பெருகிப் பெண் பூக்கள் குறையும். காய் பிடிக்கவில்லை என்று உப்பு உரத்தை மேன்மேலும் இடுவதால் இலை தழைக்குமேயன்றிக் காய் பெருகாது.

காற்றும் பூச்சியும்

எல்லாப் பயிருக்கும் பூச்சியின் உதவி வேண்டுவதில்லை. நெல்லில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே உமிக்குள் இருக்கின்றன. முற்பகலில் அது சிறிது நேரமே திறக்கிறது. பெரும்பாலும் தன் மகரந்தத்தினாலேயே கருவடைகிறது. கம்பும் மக்காச்சோளமும் காற்றை நம்பியவை. மக்காச்சோளக் கதிரில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணிக்குரியது. மகரந்தம் படாத நூலுக்குரிய இடம் கதிரில் வெறுமையாய் நிற்பதைக் காணலாம்.

பரங்கியின் மகரந்தமோ கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதனைச் சுமக்காது. ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு யாரேனும் ஒருவர் கொண்டு சேர்த்தல் வேண்டும். அந்த ஊழியத்தைத் தேனீக்களே பெரும்பாலும் செய்கின்றன. அவகாசமும் மிகக் குறைவு. பரங்கிப் பூ விடியலில் மலர்ந்து, உச்சிப் பொழுதிற்குள் மூடிக்கொள்கிறது, மறுபடி திறப்பதில்லை. அன்று காலை தேனீ வாராவிடில் அந்தக் காய் போயிற்று.

குறையைக் கண்டறியும் வழி

விழுந்த பிஞ்சுகளில் நாலைந்தைப் பொறுக்கி அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. அத்தகைய பிஞ்சுகளைத் தோட்டத்திலேயே கிடக்கவிடாமல் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். புழு இல்லாமல், விதைகளும் வளராமல் வெறும் தோலாயிருந்தால், மகரந்தம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகம் தெளிய ஒரு சோதனை உண்டு. நாளைக் காலையில் மலரக்கூடிய பெண் மொட்டு, முன்தினம் மாலையிலேயே நுனியில் மஞ்சள் நிறம் காட்டும். அத்தகைய மொட்டுக்கள் பத்துக்குச் சிவப்பு நூலும், வேறு பத்துக்கு வெள்ளை நூலும் காம்பில் தளர்வாய்க் கட்டிவைக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும், புதிதாய் மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்தெறிந்துவிட்டு, அதன் கேசரத்தைச் சிவப்பு நூல் கட்டிய பெண் பூக்களின் சூல்முடி முழுவதும் படும்படி மெதுவாய்த் தடவ வேண்டும். வெள்ளை நூல் கட்டியவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். பத்து நாட்கள் சென்று எண்ணிப் பார்த்தால், சிவப்பு நூலில் காய் நின்று வெள்ளை நூலில் நிற்காதிருக்குமாயின், அத்தோட்டத்திற்கு வேண்டியது உரமன்று, தேனீயே என்பது ருசுவாகிவிடும். இரண்டிலும் நிற்காவிடில் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

கையினால் செய்யும் இவ்வேலை அற்பமானதன்று. மெக்ஸிகோ தேசத்து வனிலாக் கொடியை இந்து மகாசமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோய்ப் பயிரிட்டபோது அது பூத்ததேயன்றிக் காய்க்கவில்லை. 1841-ம் வருஷத்தில் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியையும் தன் கட்டைவிரலையும் கொண்டு அப்பூவைக் கருவடையச் செய்யும் எளிய முறையைக் கண்டுபிடித்தான். அவன் காட்டிய வழியிலேயே இன்றும் வனிலாப் பூக்களுக்குக் கையினால் மகரந்தம் சேர்க்கிறார்கள். ஆயினும் கைவேலைக்குக் கூலி உண்டு. பத்துச் சென்ட் தோட்டத்திற்குச் சரிப்படுவது, பல ஏக்கர் நிலத்திற்குச் சரிப்படாது. அங்கே தேனீயே கூலியில்லாத வேலையாள்.

தேனீ வளர்ப்பு

மரப்பொந்திலும் புற்றிலும் கூடு கட்டும் இந்தியத் தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்கலாம். அதற்கேற்ற சிறிய பெட்டியொன்றைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் நியூட்டன் என்னும் பாதிரியார் அமைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956-ம் வருஷம் முதல் கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்துள்ள மார்த்தாண்டத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிராம புனருத்தாரண நிலையம் இத்தொழிலைக் குடிசைதோறும் பரப்பிற்று. அங்கே தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது.

தேனீச் செல்வம் அழியாதது என்று நினைத்தல் தவறு. 1990-ம் வருஷத்தை அடுத்த ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய புழுநோய் ஒன்றினால் எண்ணற்ற பெட்டிகள் காலியாயின. நோயைத் தடுப்பது கடினம். மனிதர் கையால் நேரும் அழிவைத் தடுப்பதோ மனிதர் கையிலேயே இருக்கிறது.

மருந்தடிக்கும் வேளை

விடியற்காலையில் பூத்திருக்கும் கொடியின் மேல் மருந்தடித்தால், பூச்சியோடு தேனீயும் மடிகிறது. அடித்தவர் தம் காயைத் தாமே கெடுத்துக்கொள்வதோடு, அண்டை நிலத்தவரின் காயையும் கெடுக்கிறார். ஏனெனில் தேனீக்கு எல்லைக்கல் தெரியாது. ஒரு கூட்டின் தேனீக்கள் அரை மைலுக்கு அப்பாலும் சென்று இரை தேடும். ஒருவர் தோட்டத்தில் நேரும் சேதம் ஊர் முழுவதற்கும் சேதமாகிறது. தேனீக்களுக்குக் கெடுதி செய்கின்றன என்பதற்காக மூவகைப் பூச்சிமருந்துகளைத் திறந்த வயலில் உபயோகிக்கலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தார் 2018-ம் வருஷத்தில் தடை விதித்தது கவனிக்கத்தக்கது.

மருந்தே கூடாது என்பது கருத்தன்று; வேளை அறிந்து அடிக்க வேண்டுமென்பதே கருத்து. பரங்கியும் பாகலும் காலையில் மலர்வன. அவற்றிற்கு, பூ மூடிய பின்னர் மாலையில் அடிக்கலாம். சுரை, பீர்க்கு, புடல் ஆகியவை மாலையில் மலர்வன. அவற்றிற்கு மாலை வேளையே ஆகாத வேளை. பழைய பூ வாடிய பின்னும், புதுப் பூ விரிவதற்கு வெகு முன்னும் வேலையை முடித்துவிட வேண்டும். மருந்தடிக்கும் பம்பைத் தோளில் மாட்டுமுன், தன் பயிர் எப்போது மலர்கிறது என்பதை ஒவ்வொருவரும் ஒரு நாள் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை

பக்கத்துத் தோட்டத்து வேறு ரகப் பரங்கியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தால், இவ்வருஷத்துக் காய் மாறாது. அதன் விதையில் முளைக்கும் அடுத்த வருஷத்துக் கொடி மாறிவிடும். நல்ல ரகத்தைக் கலப்பின்றிக் காக்க விரும்புகிறவர், மலரப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முன்தினம் மாலையில் நூலால் வாய் கட்டிவைத்து, மறுநாள் காலையில் அவிழ்த்து, கையால் மகரந்தம் தடவி, பெண் பூவின் வாயைத் திரும்பக் கட்டிவிட வேண்டும். அந்தக் காயை அடையாளமிட்டு முற்றவிட்டு விதை எடுக்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கவை

தனி மனிதர் தம் கிணற்றைத் தாம் காக்கலாம். தேனீயைத் தனியே காக்க முடியாது. ஒன்பது பேர் காத்து ஒருவர் கெடுத்தாலும் பத்துப் பேருக்கும் நஷ்டமே. ஆதலின் இது சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டிய காரியமாகும்.

முதலாவது, கொடி பூக்கும் மாதங்களில் இன்ன பயிருக்கு இன்ன வேளையில்தான் மருந்தடிப்பது என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் செய்து, சங்கக் கட்டிடத்தின் சுவரில் எழுதி வைத்தல்.

இரண்டாவது, மருந்தடிக்கப் போகிறவர், பெட்டி வைத்திருக்கும் அங்கத்தினருக்கு முன்தினமே சொல்லியனுப்புதல்.

மூன்றாவது, மருந்து டப்பாக்களையும் பம்பையும் வாய்க்காலில் கழுவாதிருத்தல். மனிதரும் மாடும் குடிக்கும் அதே நீரைத்தான் தேனீயும் குடிக்கிறது.

நான்காவது, வேலியோரத்தில் புங்கு, முருங்கை முதலிய பூ மரங்களை விட்டுவைத்து, பயிர் பூக்காத காலத்திலும் தேனீக்கு இரை கிடைக்கச் செய்தல்.

ஐந்தாவது, பெட்டி வாங்க விரும்பும் அங்கத்தினருக்கு மற்றத் தொழில்களுக்குப் போலவே சிறு கடன் கொடுப்பதைப்பற்றி நிர்வாக சபையார் யோசித்தல்.

சங்கத்தின் சேமநிதியில் எந்த அங்கத்தினருக்கும் தனியாகக் கையிட உரிமையில்லை. ஆயினும் அதனால் வரும் பலம் எல்லோருக்கும் உண்டு. ஊரிலுள்ள தேனீக் கூட்டங்களும் அத்தகையவையே. தவணை தவறாமல் கடனைக் கட்டுவதற்கு வேண்டிய காய், கொடியில் நிற்பதும் விழுவதும் ஒரு காலைப் பொழுதில் தீர்ந்துவிடுகிறது. அந்தக் காலைப் பொழுதைத் தேனீக்கு விட்டுக்கொடுப்பதென்று அங்கத்தினர் அனைவரும் ஒருமனதாய்த் தீர்மானிப்பார்களாக.