ஓட்டமும் மிதிவண்டியும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி, அவற்றுள் இறுதிப் பதினோராண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து, 2019 ஆம் ஆண்டு மே திங்களில் ஓய்வு பெற்றவன் நான். கணிதம் என் பாடம். இத்தகைய ஒருவன் ஒலிவாங்கியின் முன் வந்து அமர்ந்தால், இயற்கணிதத்தைப் பற்றியோ தேர்வுக்குப் படிக்கும் முறையைப் பற்றியோ பேசுவான் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் பேச வந்தது அதுவன்று. என் அறுபத்திரண்டாம் வயதில், மலைப்பாதையில் ஓடி, மிதிவண்டி மிதித்து, மீண்டும் ஓடிய ஒரு போட்டியைப் பற்றியே பேச வந்தேன். அதில் எனக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்திய இடம். இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெற்றிக் கதை கேட்க வந்தவர்கள் ஏமாற வேண்டாம்.

போட்டிக்குப் போகுமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில், தைப்பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் முதல் வேலையாக ஓர் ஆணை பிறப்பிப்பேன். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இனி விளையாட்டு நேரம் இல்லை. அந்நேரத்தில் கணக்கு நடைபெறும் என்பதே அவ்வாணை. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் – பிள்ளைகளுக்கு அவர் ‘பி.டி. மாஸ்டர்’ – ஆண்டுதோறும் என் மேசை முன் வந்து நிற்பார். “ஐயா, வாரத்துக்கு ஒரு நேரமாவது விட்டுவையுங்கள்” என்பார். நான் தேர்ச்சி விழுக்காட்டை எடுத்துக்காட்டுவேன். “சரி, ஐயா” என்று சுற்றறிக்கையில் கையொப்பமிட்டுவிட்டுப் பந்துகளை அலமாரியில் வைத்துப் பூட்டப் போய்விடுவார். இன்னொன்றும் உண்டு. தடை தாண்டும் ஓட்டத்தில் பிள்ளைகளைப் பழக்கும்போது அவர், “காலைப் பார்க்காதே! எதிரே பார்!” என்று உரக்கக் கத்துவார். அது என் அறைவரை கேட்கும். கூச்சலைக் குறைத்துக்கொள்ளுமாறு ஒரு முறை பணியாளரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

ஓய்வு பெற்றபின் இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக மருத்துவர் சொன்னார். நடக்கத் தொடங்கினேன். ஏரிக்கரையில் நடை, பிறகு மெல்லோட்டம், வீட்டிலிருந்த பழைய மிதிவண்டியில் வண்டித்தடத்தில் சவாரி என்று மூன்றாண்டுகள் கழிந்தன. 2023 ஆம் ஆண்டு ஏப்ரலில் கலிபோர்னியாவில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போனேன். அங்கே என் பேரன், பதினாறு வயதுப் பிள்ளை, இவ்வகைப் போட்டிகளில் ஓடுகிறவன். “தாத்தா, நீங்கள் இரண்டும் செய்கிறீர்கள், சேர்த்துச் செய்தால் என்ன?” என்று கேட்டான். மகளுக்கு அது பிடிக்கவில்லை. “அப்பா, இந்த வயதில் எலும்பு முறிந்தால் கூடுமா?” என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

இப்போட்டிக்கு டூயத்லான் என்று பெயர். இரண்டு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லும், போட்டி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லும் கலந்து பிறந்த பெயர். முன்னர் இதனை பயத்லான் என்றே வழங்கினர். பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த குளிர்கால விளையாட்டுக்கும் அப்பெயரே இருந்தமையால் இதற்கு வேறு பெயர் வேண்டியதாயிற்று. ஓட்டம், மிதிவண்டி, மீண்டும் ஓட்டம் என்பது இதன் அமைப்பு. தார்ச்சாலையில் நடப்பது ஒரு வகை. காட்டுப்பாதையிலும் மலைச்சரிவிலும் நடப்பது மற்றொரு வகை. நான் கலந்துகொண்டது அது.

போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் பேரன் என்னை சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள டமல்பையஸ் மலைக்கு அழைத்துச் சென்றான். உயரம் 785 மீட்டர் அளவுதான். நம் ஏர்காட்டுக்கும் குறைவு. ஆயினும் இவ்விளையாட்டின் இரு பாதிகளுக்கும் அந்த வட்டாரத்தோடு நெருங்கிய உறவு உண்டு. அம்மலையின் தோளைத் தாண்டி, மில் வேலி என்னும் ஊரிலிருந்து ஸ்டின்சன் கடற்கரை வரை ஏறத்தாழ 12 கி.மீ. ஓடும் ‘டிப்சி’ ஓட்டம் 1905 இல் தொடங்கியது. அமெரிக்காவின் மலைப்பாதை ஓட்டங்களுள் அதுவே மிகப் பழையது. அதில் ஒரு விந்தை. எல்லாரையும் ஒருசேரக் கிளப்புவதில்லை. முதியோரும் சிறாரும் வயதுக்கேற்ற நிமிடங்கள் முன்னதாகப் புறப்படுவர். வல்லவர்கள் கடைசியில் புறப்பட்டுத் துரத்திப் பிடிக்க வேண்டும். 2010 ஆம் ஆண்டு அதில் முதலாவதாக வந்தவள் எட்டு வயதுச் சிறுமி. இரண்டாவதாக வந்தவர் அறுபத்தெட்டு வயது மூதாட்டியார். ஜாக் கிர்க் என்பவர் 1930 இல் முதன்முறை அதில் ஓடினார். 2002 இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதிலும் ஓடி முடித்தார். அப்பாதையின் தொடக்கத்தில் உள்ள படிக்கட்டுகளில் நான் ஏறிப் பார்த்தேன். எண்ணத் தொடங்கி, மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை தவறிவிட்டது.

அதே மலைக்கு அண்டையில் பைன் மலை என்று ஒன்றுண்டு. அங்கே 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் மிதிவண்டிகளைத் தூசி தட்டி எடுத்து, காட்டுத்தீ அணைப்போர்க்காக வெட்டிய பாதையில் போட்டியாக இறங்கினார்கள். சுமார் 3.4 கி.மீ. தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். அவ்வண்டிகளில் மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கர அச்சுக்குள்ளேயே பிடிக்கும் பிரேக்தான் உண்டு. அடிவாரம் வந்து சேருமுன் அச்சிலுள்ள மசகு முழுவதும் எரிந்து புகையாகிவிடும். மறுபடி மசகு அடைத்தால்தான் வண்டி ஓடும். ‘மறுபடி அடை’ என்னும் பொருளுடைய ‘ரீபேக்’ என்பதே அப்பாதைக்குப் பெயராயிற்று. முதல் நாள் போட்டியில் விழாமல் வந்தவர் ஒருவரே, வென்றவரும் அவரே. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977 இல் மலைக்கென்றே ஒரு மிதிவண்டியைப் புதிதாகச் செய்தார். 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டி இடம்பெற்றது. இருபது ஆண்டுகளில் இத்தனையும் நடந்துவிட்டன.

இனி ஒரு சிறு கணக்கு. கணக்கு வாத்தியாரைப் பேச அழைத்தால் இதைத் தவிர்க்க இயலாது. நம் ஊர்ச் சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னதில் 18 பற்கள் என்று கொள்ளுங்கள். மிதி ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 44 வகுத்தல் 18, அதாவது ஏறத்தாழ 2.44 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.23 மீட்டர், ஆகவே வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். பேரன் எனக்குத் தந்த மலை மிதிவண்டியில் முன்னே 32 பற்கள், பின்னே மிகப் பெரிய பல்சக்கரத்தில் 51 பற்கள். அதில் மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் முழுச் சுற்றுக்கூடச் சுற்றாது. வண்டி சுமார் 1.44 மீட்டர்தான் நகரும். தூரத்தைக் கொடுத்து எளிமையை வாங்குகிறோம். ஏற்றத்தில் அவ்வளவு எளிமையும் எனக்குப் போதவில்லை என்பது வேறு செய்தி.

போட்டி ஆகஸ்டு மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கேயுள்ள புல்வெளிக் குன்றுகளில் நடந்தது. அங்கே கோடையில் மழை இல்லை. புல் காய்ந்து பொன்னிறமாகக் கிடக்கும். இடையிடையே ஓக் மரங்கள். மூன்று மூன்று இலையாக ஒரு செடி இருக்கிறது. உடலில் பட்டால் தோல் கொப்புளித்துவிடும். “மூன்றிலை கண்டால் விலகுங்கள், தாத்தா” என்பது பேரனின் முதற்பாடம். மேய்ச்சல் மாடுகளும் உண்டு. அவை நம் ஊர் மாடுகளைப் போலவே யாருக்கும் வழிவிடுவதில்லை.

ஓட்டம் 5 கி.மீ., மிதிவண்டி 16 கி.மீ., மீண்டும் ஓட்டம் 3 கி.மீ. கடைசி ஓட்டத்துக்கு இரண்டேகால் மணி நேரத்துக்குள் புறப்படாதவர் நிறுத்தப்படுவர். இதயத் துடிப்பின் உச்ச அளவைக் காண ஒரு வாய்பாடு உண்டு: 208 இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்க வேண்டும். என் வயதுக்கு ஏறத்தாழ 165 வரும். அது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆயினும் 140 ஐத் தாண்டாமல் முதல் ஓட்டத்தை ஓடுவது என்று நான் வீட்டில் தாளில் எழுதி வைத்திருந்தேன். புறப்படும் ஒலி கேட்டதும் எழுபதுபேர் பாய்ந்தார்கள், நானும் பாய்ந்தேன். தாள் வீட்டில் இருந்தது. முதல் கிலோமீட்டர் முடியுமுன் கைக்கடிகாரம் 158 காட்டிற்று. எத்தனை மாணவர்களிடம், ‘வினாத்தாளைக் கண்டதும் அவசரப்படாதே’ என்று சொல்லியிருப்பேன்!

முப்பத்தெட்டு நிமிடத்தில் ஓட்டத்தை முடித்து மிதிவண்டிகள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தேன். தலைக்கவசத்தை அணிந்து வாரைப் பூட்டிய பிறகே வண்டியைத் தொடலாம்; திரும்பி வந்து வண்டியை அதன் இடத்தில் வைத்த பிறகே வாரை அவிழ்க்கலாம். இவ்விதி எல்லா இடத்திலும் உண்டு. வார் பூட்டாமல் நான் வண்டியை எடுத்தேன். கல்லூரியில் படிக்கும் வயதுடைய ஒரு பெண், தொண்டராக நின்றவள், கையை நீட்டி என்னைத் தடுத்தாள். ஒரு சொல்லும் பேசாமல் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். நான் வாரைப் பூட்டும்வரை நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை. தலைமையாசிரியராக வரத்தக்கவள் என்று எண்ணிக்கொண்டேன்.

எட்டு கிலோமீட்டர்ச் சுற்று இரண்டு. செங்குத்தான ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். இவ்வகைப் போட்டியில் தள்ளுவதும் தூக்குவதும் விதிக்குட்பட்டவையே. என் அச்சம் இறக்கத்தைப் பற்றியது. இறுகிய மண்ணின்மேல் மாவுபோலத் தூசி, அதன்மேல் உருளும் சிறு கற்கள். இருக்கையிலிருந்து எழுந்து, மிதிகளைச் சமமாக நிறுத்தி, முழங்காலை மடக்கி, எடையைப் பாதத்தில் தாங்க வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்துக்கொள்ள வேண்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால், சக்கரம் நிற்க, உடல் நிலைமத்தால் முன்னே போகும். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. இவையெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும், பாதை நடுவில் தேங்காயளவு ஒரு கல் தோன்றியதும் கண்ணை அதன்மேல் வைத்துவிட்டேன். அதன்மேல் மோதாமல் இருக்க வேண்டும் என்று எண்ணியபடியே நேராக அதன்மேல் மோதினேன்.

முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்தது. எலும்புக்கு ஒன்றும் நேரவில்லை. பின்னால் வந்த ஒருவர் நிறுத்தி, எழுப்பிவிட்டு, நான் நிற்பதைப் பார்த்தபின் போனார். பாதையோரத்தில் அமர்ந்து தண்ணீர் குடித்தேன். சுற்று முடியும் இடத்தில் மகள் நின்றிருந்தாள். அங்கே சென்று நிறுத்திவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவள் இரத்தத்தைப் பார்த்தாள். வாய் திறந்தாள், மூடிக்கொண்டாள். பேரன் தன் பந்தயத்தை முடித்துவிட்டு அங்கு நின்றவன், “தாத்தா, கல்லைப் பார்த்தால் சக்கரம் கல்லுக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்” என்றான்.

எனக்கு வேறொரு குரல் கேட்டது. காலைப் பார்க்காதே, எதிரே பார். மூடிய அறைக்குள் அமர்ந்து பதினோராண்டுகள் கேட்ட குரல். சீட்டு அனுப்பி அடக்கிய குரல். ஆடுகளத்தில் வெறுங்காலுடன் நின்ற பதின்மூன்று வயதுச் சிறுவர்கள் அதைக் கேட்டுத் தடை தாண்டினார்கள். நானோ அறுபத்திரண்டு வயதில் விழுந்து எழுந்து அதைத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் சுற்றில் அதே இடம் வந்தது. கண்ணைப் பத்து மீட்டர் முன்னே, பாதையின் இடப்பக்க விளிம்பில் வைத்தேன். கல் எப்போது கடந்தது என்று எனக்குத் தெரியாது.

வண்டியை நிறுத்தியபோது இரண்டு மணி ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. எல்லைக்கு ஆறு நிமிடம் மீதம். வாரை முறைப்படி அவிழ்த்துவிட்டு ஓடத் தொடங்கினால், கால்கள் என்னுடையவை போலவே இல்லை. அதுவரை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த தசைகள், நிலத்தை உதைத்து எழும்பு என்றால் உடனே கேட்பதில்லை. தொடை மரக்கட்டையாய்க் கனக்கிறது. இவ்விளையாட்டில் தேர்ந்தவர்களுக்கும் முதற்சில நிமிடங்கள் இப்படித்தான் இருக்குமாம். எனக்கு மூன்று கிலோமீட்டரும் இருந்தது. ஏற்றத்தில் நடந்தேன், சமவெளியில் ஓடினேன், ஓட்டம் என்று பிறர் ஒப்புக்கொள்வார்களா என்பது ஐயமே. இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடித்தேன். போட்டியை முடித்த அறுபத்தொருவரில் அறுபதாவது. அறுபது முதல் அறுபத்து நான்கு வயதுப் பிரிவில் மூவர் இருந்தோம். மூவரில் மூன்றாவதாக வந்தமையால் எனக்கு ஒரு பதக்கமும் கிடைத்தது. மகள் அதைத் துடைத்து எங்கோ வைத்துவிட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படியில் பின்னோக்கித்தான் இறங்க முடிந்தது.

நவம்பரில் ஊர் திரும்பியதும் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியரைத் தேடிப் போனேன். அவரும் ஓய்வு பெற்றுத் தம் கிராமத்தில் இருக்கிறார். திண்ணையில் அமர்த்தி மோர் தந்தார். நடந்ததைச் சொன்னேன். “இரண்டாம் ஓட்டத்தில் நடந்தீர்களா, ஐயா?” என்று கேட்டார். “நடந்தேன், மாஸ்டர்” என்றேன். “நல்லது” என்று முழங்கால் தழும்பைக் குனிந்து பார்த்தார்.

நான் போகும்போதே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தைக்குப் பின் ஆண்டுக்குப் பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு நேரம், இரு வகுப்புக்கும் சேர்த்துப் பிரிவுகள் ஐந்து, ஆண்டுகள் பதினொன்று. ஆயிரத்து நூறு விளையாட்டு நேரங்களை அவரிடமிருந்து எடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் விரல்விட்டு மெல்ல எண்ணினார். பிறகு, “காலாண்டுத் தேர்வுக்கு முன் செப்டம்பரிலும் எடுப்பீர்களே, ஐயா, அதை விட்டுவிட்டீர்கள்” என்றார்.