மொலோக்காய்த் தீவின் பழைய வரைபடங்கள்

(பங்குப் பொன்விழாக் கண்காட்சியில் ஆற்றிய உரை)



பழைய பூசை உடைகளையும் திருவிழாப் புகைப்படங்களையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள், இச்சுவரில் மாட்டியுள்ள நான்கு வரைபடங்களைக் கண்டதும், "இது எந்த ஊர் சர்வே?" என்று கேட்கிறார்கள்.

பசிபிக் மாகடலில், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மொலோக்காயின் வடகரை இது. நாக்கை நீட்டினாற்போலக் கடலுக்குள் ஒரு சமநிலம். மூன்று பக்கமும் அலை. தெற்கே 1,600 அடிக்கும் மேற்பட்ட செங்குத்து மலை. படத்தில் நெருக்க நெருக்கமாக இழுத்திருக்கும் கோடுகள் அம்மலைதான். மதில் கட்டும் செலவு அரசுக்கு மிச்சம்! ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் 1865-இல் இயற்றிய சட்டப்படி, 1866 ஜனவரி 6-ஆம் நாள், நாம் மூன்றரசர் திருநாள் கொண்டாடும் அதே நாளில், முதல் தொழுநோயாளர்களை அங்கே இறக்கினார்கள். 1969-இல் அவ்விதி நீங்கும்வரை ஏறத்தாழ 8,000 பேர் அனுப்பப்பட்டனர்.

காற்றும் மழையும் மிகுந்த கிழக்குக் கரையிலுள்ளது கலாவாவோ. 1873 மே 10-இல் தமியான் சுவாமி வந்து சேர்ந்த இடம் அதுவே. மேற்கே கலாவுபாபா, 1888-இல் மரியான் கோப் அம்மையார் கன்னியரோடு வந்து உழைத்த ஊர். குடியிருப்பு மெல்ல மெல்லக் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்ததை, படங்களை வரிசையாகப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம். பல நூற்றாண்டுகளாக அங்கே பயிரிட்டு வாழ்ந்த ஹவாய்க் குடிகள் 1895-க்குள் முற்றிலும் வெளியேற்றப்பட்டதை மட்டும் எந்தக் கோடும் சொல்லாது.

இவை மூலப்படங்கள் அல்ல, செப்பனிட்ட படிகள். கிழிந்த தாளின் பின்புறம் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டி வலுவூட்டுவதும், மை கரையாது என்று சோதித்த பின்னரே நீரில் நனைப்பதும் இத்தொழிலின் முறை. பிறகே படியெடுப்பார்கள். படியைப் பெரிதாக்கினால், "இத்தனை அடிக்கு ஓர் அங்குலம்" என்று எழுதியிருப்பது பொய்யாகிவிடும். ஓரத்தில் வரைந்துள்ள அளவுகோடோ படத்தோடு சேர்ந்து வளர்வதால் பொய் சொல்லாது. பூச்சி தின்ற இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெறுமையாக விடுவதே நேர்மை. ஒரு கல்லறை இருந்த இடமாக அது இருக்கலாமல்லவா?

தலைப்பிலுள்ள 'குஷ்டரோகிகள் குடியேற்றம்' என்னும் பொருள்படும் சொற்களை அழித்துவிட்டால் என்ன என்று நம் இளைஞர் ஒருவர் கேட்டார். அவர் மனம் நல்ல மனம். எனினும் நான் இசையவில்லை. அச்சொல்லைக் கொண்டுதான் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். நம் நாட்டிலும் அதே சொல்லைத் தலைப்பில் தாங்கிய 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. அழித்துவிட்டால் நடந்ததே நடக்காததுபோல் ஆகிவிடும். ஆகவே படத்தில் இருந்தது இருந்தபடியே இருக்கிறது. கீழே நாம் எழுதிய விளக்கத்தில் மட்டும் 'தொழுநோயால் பாதிக்கப்பட்டோர்' என்று இருக்கும்.

அங்கே மாண்டவர்களுள் பெரும்பாலோருக்கு அடையாளமிட்ட கல்லறை இல்லை. அவர்கள் பெயர்களைப் பொறித்து நினைவுச்சின்னம் எழுப்ப 2009-இல்தான் அமெரிக்கச் சட்டம் இடம் தந்தது. தமியான் சுவாமி புனிதராக உயர்த்தப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

1889 ஏப்ரல் 15-இல் இறந்த சுவாமியின் கல்லறை, கலாவாவோவில் புனித பிலோமினா கோவிலை அடுத்துள்ளது. உடலை 1936-இல் பெல்ஜியத்துக்குக் கொண்டு சென்றார்கள். 1995-இல் முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோது, வலக்கை மட்டும் தீவுக்குத் திரும்பி வந்து அதே குழியில் அடக்கமாயிற்று. கிழக்குக் கரையில் அவ்விடத்தைத் தேடிப் பாருங்கள். எழுத்து மிகப் பொடி. பூதக்கண்ணாடி மேசைமேல் வைத்திருக்கிறோம்.