பிறவியும் பெயரும்

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் இன்று பட்டம் பெறும் இளம் வைத்தியர்களே,

காசிமேட்டு மீனவப் பெண்களும் எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிலாளர் வீட்டு மருமக்களும் வலியெடுத்தவுடன் வந்து சேரும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் இரவு பகலாய்ப் பயின்ற உங்களுக்கு, ஐம்பதாயிரம் முதல் லட்சம் பிரசவங்களுக்கு ஒருமுறை நேரும் ஒட்டிப் பிறத்தலின் சரீர சாஸ்திரத்தைக் கற்பிக்க நான் துணியேன். அச்சிசுக்களை உலகம் என்னென்ன பெயரிட்டு அழைத்தது என்பதை மட்டும் சொல்லுவேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வைத்திய நூல்கள் அவர்களை ‘டபிள் மான்ஸ்டர்’ என்றே கூச்சமின்றி வகுத்தெழுதின. 1811-இல் சயாம் தேசத்தில் பிறந்து, 1829-இல் மேனாட்டுக் கண்காட்சி மேடைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சாங், எங் சகோதரர்களால் ‘சயாமிய இரட்டையர்’ என்ற பெயர் பரவிற்று. அவர்களோ பின்னர் அமெரிக்காவில் நிலம் வாங்கி, அடிமைகளையும் வைத்துக்கொண்டு (அனுதாபத்துக்கு உரியோர் அனைவரும் அனுதாபம் உடையோராய் இருந்துவிடுவதில்லை), சகோதரியர் இருவரை மணந்து, இருபதுக்கு மேற்பட்ட மக்களைப் பெற்று, 1874-இல் காலமாயினர். சயாமே 1939-இல் தாய்லாந்தாகிவிட்ட பின்னும் அப்பெயர் நம் பத்திரிகைகளை விட்டு அகலவில்லை.

நம் ஒரிஸ்ஸாவில் பிறந்து அயல்நாட்டுக் காட்சிச்சாலைகளில் நிறுத்தப்பட்ட ராதிகா, தூதிகா என்னும் சிறுமியருள் ஒருத்திக்குக் க்ஷயம் முற்றியபோது, மற்றவளையேனும் காக்க வேண்டி 1902-இல் பாரிஸில் டாக்டர் துவாயான் அவர்களைப் பிரித்தார்; தூதிகா சில நாட்களிலும் ராதிகா மறு ஆண்டிலும் மாண்டனர். அந்தச் சிகிச்சையே சலனப்படமாக்கப்பட்டுச் சந்தைக் கொட்டகைகளில் காசுக்குக் காட்டப்பட்டது என்றால், இத்தகையோரை வியந்து அழைக்கும் ‘அற்புதம்’ என்ற சொல்லைக்கூட நான் ஏன் சந்தேகிக்கிறேன் என்பது விளங்கும்.

‘ஒட்டிப் பிறந்த இரட்டையர்’ என்று நாம் இன்று சொல்வதில் தேசமுமில்லை, திகைப்புமில்லை. உயர்திணைப் பன்மை மட்டுமே உண்டு. அப்பன்மையைக் கேஸ் ஷீட்டிலும் காப்பாற்றி, இருதயம் ஒன்றே ஆயினும், பிழைப்பது அரிதே ஆயினும், இரு பிள்ளைகளென்றே எழுதி, தாயிடமும் அவ்வாறே சொல்லுங்கள்.

சர்க்கார் இதில் இன்னும் தடுமாறுகிறது. 2022-இல் பஞ்சாப் சட்டசபைத் தேர்தலில் அமிர்தசரஸில் ஒட்டிப் பிறந்த வாலிபர் இருவர், ஒருவர் வாக்கை மற்றவர் காணாதபடி ஏற்பாடு செய்யப்பட்டு, தனித்தனியே வாக்களித்தனர். அதற்கு முந்தைய டிசம்பரில் மின்வாரியம் வழங்கிய உத்தியோகமோ, வேலைக்கு இருவருமே செல்லவேண்டியிருந்தும், ஒருவர் பெயருக்குத்தான் வந்தது.