வாக்கெடுப்பில்லாத சபையின் தலைவர்

உலக நாடுகளின் பொதுச்சபை கூடுகின்றது. ஆனால் அங்கே வாக்கெடுப்பு நிகழ்தல் ஆகாது. இத்தகைய சபையை நடத்துவது எங்ஙனம்? 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் 1 ஆந் திகதி கானா நாட்டு அலெக்ஸ் குவேசன் சாக்கி ஏற்ற பொறுப்பு இதுவே. ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைமையை எய்திய முதற் கறுப்பின ஆபிரிக்கர் அவர். வயது நாற்பது.

வின்னபா என்னுங் கடலோரப் பட்டினத்திற் பிறந்து, ஒக்ஸ்போட்டிற் கற்றுத் தேறிய அவர், 1959 முதல் அத்தாபனத்திற் கானாவின் நிரந்தரப் பிரதிநிதியாயிருந்தார்.

சங்கடத்தின் வேர் பணமாகும். கொங்கோவுக்கு அனுப்பப்பட்ட படையின் செலவிற் பங்கேற்கச் சோவியத்து ஒன்றியமும் பிரான்சும் மறுத்தன. ஈராண்டுத் தொகைக்குக் குறையாத நிலுவை வைத்த நாடு வாக்குரிமை இழக்கும் என்பது சாசனத்தின் 19 ஆம் உறுப்புரை. அதனை நிறைவேற்றுக என்றது அமெரிக்கா. ஒரேயொரு வாக்கெடுப்பு நடந்தாலும் தாபனமே பிளவுபடலாம் என்ற அச்சம் எழுந்தது. ஆகவே யாவரும் இசையுங் கருமங்களை மட்டுமே முடிப்பதென உடன்பாடு கண்டனர். பாதுகாப்புச் சபைக்குரிய தேர்வுகூடச் சபையில் நிகழவில்லை. பிரதிநிதிகள் தலைவரின் அறைக்குச் சென்று தத்தம் விருப்பத்தை எழுத்திற் கொடுத்தனர். இரு வல்லரசுகளும் ஐயுறாத ஒருவரிடமன்றி இவ்வாறு வாக்கை ஒப்படைப்பாருளரோ?

1965 பெப்ரவரி 16 இல் அல்பேனியப் பிரதிநிதி, வாக்கெடுப்பு நடத்தியே தீரவேண்டுமெனப் பிடிவாதஞ் செய்தார். தலைவர் மறுத்துத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்புச் சரியா என்பதைத் தீர்க்கவே வாக்கெடுக்க நேர்ந்தமை விந்தையே! 97 நாடுகள் அவர் பக்கம் நின்றன, எதிர்த்தவை இரண்டு. ஒரு நடைமுறைக் கருமத்துக்கு எடுத்த வாக்கென இதனைக் கொண்டு, அமெரிக்காவும் பொறுத்துக்கொண்டது. அவ்வாண்டு ஆகத்தில் அது தன் கோரிக்கையையும் கைவிட்டது.

இதற்கிடையே, 1965 இல், அவர் கானாவின் வெளிநாட்டமைச்சரானார். நடுவராயிருந்தவருக்கு இனி ஒரு பக்கமே உண்டு. அது சனாதிபதி குவாமே நுக்ருமாவின் பக்கம். 1966 பெப்ரவரியில் நுக்ருமா ஹனோய் நோக்கிப் புறப்பட்டபோது அமைச்சரும் உடன் சென்றார். 24 ஆந் திகதி அவர்கள் பீக்கிங்கில் இருக்க, அக்ராவில் இராணுவமும் பொலிசும் ஆட்சியைக் கைப்பற்றின. அடிஸ் அபாபாவிற் கூடவிருந்த ஆபிரிக்க ஒற்றுமைத் தாபன மாநாட்டிலே தமக்காகப் பேசுமாறு நுக்ருமா அவரை அனுப்பினார். அவரோ அங்குச் செல்லாது அக்ரா திரும்பிப் புதிய ஆட்சிக்கு இணங்கினார்.

நுக்ருமா இதனைத் துரோகமென்றே கொண்டார். தலைவனிழந்த அமைச்சன் நாட்டுக்கோ தலைவனுக்கோ கடமைப்பட்டவன் என்பது எளிதில் தீராத வழக்கு. ஆயினும், ஏற்ற தூதை இடைவழியிற் கைவிட்டமை, வாக்கு நாணயத்தால் ஒரு சபையையே காத்தவருக்குப் பொருந்துவதன்று.

புதிய ஆட்சி அவரை அமைச்சராக வைத்திருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 1978 இல், வாஷிங்டனுக்குக் கானாவின் தூதுவராக மீண்டுஞ் சென்றார். 1992 இற் காலமானார்.