மணம் சொன்ன வித்தியாசம்



இங்கே விலங்கியல் படித்து, வேறொரு கல்லூரியில் ஆசிரியரானவன் நான். "சார், இந்தப் பூச்சி பூவுல என்ன பண்ணும்?" என்று ஒரு மாணவன் கேட்டபோது, "சிலபஸ்ல இல்லப்பா, இறகை வரை" என்றேன். அது தப்பு என்று உணர்த்தியது ஆர்க்கிட் தேனீ.

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் இவற்றில் 5 பேரினங்கள், 200-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். ஆண் தேனீ பல ஆர்க்கிட் பூக்களுக்குப் போவது தேனுக்காக அல்ல, வாசனைக்காக! அதைச் சுரண்டிப் பருத்த பின்னங்காலில் சேமிக்கும். அப்போது உடம்பில் ஒட்டும் மகரந்தத் திரள் அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும்.

மெக்சிகோவில் ஒரே இனம் என்று எண்ணிய பச்சைத் தேனீ உண்மையில் இரண்டு. ஆணின் தாடைப் பல்லில் சின்ன வேறுபாடுதான். சேர்த்த வாசனைக் கலவையிலோ தெளிவான வேறுபாடு. 2011-இல் புதியதற்கு 'யூக்ளோசா டைலெம்மா' என்று பெயரிட்டார்கள்.

பூச்சி பூவில் என்ன செய்கிறது என்று பார்த்ததால் கிடைத்த விடை இது. அந்த மாணவன் கேட்டதும் அதைத்தானே? தம்பி, தங்கைகளே, மார்க்குக்காகப் படம் வரையுங்கள். கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.